கிரகணம் பார்த்த கண் – 11: மாப்பிள்ளையின் முகம்

விடிந்ததிலிருந்து ராக்காயி தன் மகளை அடுப்படிக்கும் இஸ்தோப்புத் திண்ணைக்குமாக நடக்க விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் வெற்றிலைத் தட்டு. தட்டு ஆடக் கூடாது. நிலைப்படி தடுக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பெண் எங்கே பார்க்கிறாள் என்பது சம்பந்தம் பேச வருகிறவர்களுக்குத் தெரியவே கூடாது.

"குனிஞ்ச தலை நிமிராத. நிமிந்தாத்தான வம்பு," என்றாள் ராக்காயி.

"மாப்பிள்ளையப் பாருன்னு சொல்லுவாங்களே ஆத்தா?"

"சொல்லுவாங்க. நீ வெக்கப்படு. அதுகூடவா ஒனக்குச் சொல்லித் தரணும்?"

பேச்சியம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு வெட்கப்பட ஒத்திகை!

கதையை முதலிலிருந்து படித்து வருகிறவர்களுக்கு இந்த ஒத்திகை எதற்கென்று தெரியும். இன்றைக்குத்தான் புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக நடந்ததைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன்.

ஆனி மாதத்தில் ஒருநாள் காலையில் சூரிய கிரகணம் பிடித்தது. உடப்புசல்லாவைத் தேயிலைத் தோட்டங்கள் பக்கம் அது வெயில் காலம். வானத்தில் மருந்துக்கும் மேகம் இல்லை. அண்ணன் நல்லமுத்துவின் மனைவி ராசம்மா அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. லயத்து வரிசையில் இருந்த தங்கள் அறையில் இடுக்கு கண்ட இடமெல்லாம் சாக்கை அடைத்து, மருமகளை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினாள் ராக்காயி. வெளியே பித்தளைத் தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, அதில் உலக்கையை நிறுத்தினாள். கிரகணம் விட்டதும் உலக்கை தானாக விழும் என்பது வழக்கம்.

ஆனால் ராக்காயிக்கு உலக்கையை மட்டும் நம்ப மனம் வரவில்லை. மேல் லயத்தில் ஒருத்தி அவசரப்பட்டு வெளியே வந்து, பிள்ளை உதடு பிளந்து பிறந்ததைக் கண்ணால் கண்டவள் அவள். ஆகவே மகளைத் தாம்பாளத்துக்கு முன்னால் உட்கார வைத்தாள். "அண்ணாந்து பார்த்தாத்தான் கண்ணுக்குக் கெடுதி. தண்ணிக்குள்ள பார்த்தா ஒண்ணும் செய்யாது. முழுசா விட்டுருச்சுன்னு நீ சொன்னாத்தான் மதினி வெளிய வரணும்," என்றாள்.

மகளும் பார்த்தாள். கடித்து வைத்த பணியாரம் மாதிரித் தண்ணீருக்குள் கிடந்த சூரியன் மறுபடியும் முழுதாகும் வரைக்கும் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். வலிக்கவில்லை. எரியவுமில்லை. மறுநாள் மலையில் ஏறிக் கொழுந்து பறிக்கக் கை நீட்டியபோதுதான், எந்தக் கொழுந்தைப் பார்க்கிறாளோ அந்தக் கொழுந்து மட்டும் காணாமல் போயிற்று.

அன்று பிடித்த சனி இன்னும் விடவில்லை. சுற்றி இருப்பதெல்லாம் தெரிகிறது. நேராகப் பார்ப்பது தெரிவதில்லை. தாய்ப்பால் ஊற்றினார்கள். நந்தியாவட்டைப் பூவைக் கசக்கி விட்டார்கள். ஒன்றும் கேட்காமல் போகவே, ஆடிக் கடைசியில் நல்லமுத்து தங்கையை நுவரெலியாவுக்குக் கூட்டிப் போனான். அங்கே ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த கண் டாக்டர் அவளை இருட்டறையில் உட்கார வைத்து, கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, நல்லமுத்துவிடம் அவளுக்குப் புரியாத சிங்களத்தில் வெகுநேரம் பேசினார்.

பஸ்ஸில் திரும்பும்போது அவள் கேட்டாள். "என்னண்ணே சொன்னாரு?"

"சொட்டு மருந்து போட்டா ரெண்டு மாசத்துல சரியாயிரும்னு சொன்னாரு."

இந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் ராக்காயி டயகமவிலிருந்து வந்த சம்பந்தத்துக்குத் தலையை ஆட்டினாள். சரியாகப் போகிற கண்ணைப் பற்றி ஊரெல்லாம் சொல்லிக் கல்யாணத்தைக் கெடுத்துக்கொள்வானேன் என்பது அவள் கணக்கு.

"எனக்கு இது பிடிக்கலை," என்றாள் ராசம்மா, நாத்தனாருக்குத் தலை பின்னிக்கொண்டே. இப்போது அவளுக்கு எட்டாம் மாதம். நின்று பின்னினால் மூச்சு வாங்கியது. "உள்ளதைச் சொல்லிருவோம் பேச்சி. ரெண்டு மாசம்தான? பொறுக்கிறவங்க பொறுக்கட்டும்."

"ஆத்தா கொன்னு போட்டுரும், மதினி."

"இப்பத் தேவலையா? கொஞ்சமாவது?"

பேச்சியம்மாள் திரும்பி ராசம்மாவை நேராகப் பார்த்தாள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் அழுக்குப் புகை மாதிரி ஒன்று நின்றது. பார்வையைக் கொஞ்சம் தள்ளி, சுவரில் தொங்கிய சட்டைக்கு மாற்றினாள். உடனே ராசம்மாவின் கவலைப்பட்ட முகம் ஓரத்தில் வந்து சேர்ந்தது. ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் அதற்குப் பக்கத்தில் பார்க்க வேண்டும். யாரும் சொல்லித் தராமல் அவளே கற்றுக்கொண்ட வித்தை இது.

"தேவலை மாதிரித்தான் இருக்கு," என்று பொய் சொன்னாள்.

ராகு காலத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள். வெளியே கச்சான் காற்று கூரைத் தகரத்தைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. டயகம ஆண்டியப்பன் கங்காணி கோட்டும் குடையுமாக முன்னால் வந்தார். பின்னால் அவர் மனைவி அங்கம்மா. அவளுக்குப் பின்னால் மூத்த மகன் முத்துலிங்கம், அவன்தான் மாப்பிள்ளை. தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை. கூடவே அவன் தம்பி அழகன். இரவல் வாங்கிப் போட்டிருந்த பெஞ்சில் அண்ணனும் தம்பியும் ஒட்டி உட்கார்ந்தார்கள்.

நல்லமுத்து மட்டும் நிலைப்படியிலேயே நின்றான். காலையிலிருந்தே அவன் யாரோடும் பேசவில்லை. மச்சான் முறைக்காரன் வந்தவர்களை வாய் நிறைய வரவேற்க வேண்டாமா? "வாங்க" என்றதோடு சரி.

பேச்சியம்மாள் தட்டோடு வந்தாள். தட்டு ஆடவில்லை. படி தடுக்கவில்லை. குனிந்த தலையோடு தட்டை வைத்துவிட்டுக் கும்பிட்டாள். ராக்காயிக்குப் பாதி உயிர் வந்தது.

"நல்லா லட்சணமாத்தான் இருக்கு," என்றாள் அங்கம்மா. "நிமிந்து எம்மவனை ஒருதரம் பாரு ஆத்தா. நாளைக்கு, மொகத்தையே காட்டாம கட்டி வச்சுட்டாங்கன்னு சொல்லக் கூடாது பாரு."

"அது கூச்சப்படும்," என்று அவசரமாகக் குறுக்கே விழுந்தாள் ராக்காயி.

கூச்சப்பட்டிருக்கலாம். அப்படியே குனிந்து உள்ளே போயிருக்கலாம். ஆனால் கட்டிக்கொள்ளப் போகிறவனின் முகத்தைப் பார்க்க எந்தப் பெண்ணுக்குத்தான் ஆசை இருக்காது? அவள் நிமிர்ந்தாள்.

வெள்ளைச் சட்டை தெரிந்தது. சட்டைப் பொத்தான் தெரிந்தது. அதற்கு மேலே அந்தப் பாழாய்ப்போன புகை. அவளுக்கு ஆத்திரமாக வந்தது. இன்றைக்குக்கூடவா! யோசிக்காமல், தினமும் செய்கிறதைச் செய்தாள். பார்வையைக் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்தினாள்.

முத்துலிங்கத்தின் முகம் வந்தது. கீழ் உதட்டோரம் ஒரு மச்சம். தாடையில் சவரக் கத்தி கீறிய கோடு. அதில் இரத்தம் இன்னும் முழுதாகக் காயவில்லை. பாவம், அவனுக்கும் காலையில் கை நடுங்கியிருக்கிறது! அதை நினைத்ததும் அவளுக்கு அவனைப் பிடித்துப் போயிற்று. தன்னை மறந்து சிரித்தும் விட்டாள்.

பெஞ்சில் அழகன் திடீரென்று தலையைக் குனிந்துகொண்டான்.

அங்கம்மா பெண்ணையும் இளைய மகனையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மடியில் இருந்த வெற்றிலையை எடுத்துத் தட்டிலேயே திருப்பி வைத்தாள்.

"ஏன் அக்கா," என்றாள் ராக்காயியிடம். "ஒங்க மவ எம்பெரியவனைப் பார்க்கவே இல்லையே. சின்னவன் மூஞ்சியப் பார்த்துல்ல சிரிக்குது?"

ராக்காயி அவசரமாக முன்னால் வந்தாள். "ஐயையோ, சின்னப்புள்ள, வெக்கத்துல என்ன செய்யுறதுன்னு தெரியாம..."

"வெக்கப்படுற பொண்ணு தரையப் பார்க்கும். கொழுந்தன் மூஞ்சியப் பார்க்காது."

"எனக்கு இவங்களைத் தெரியவே தெரியாதும்மா!" என்று பதறினான் அழகன்.

"நீ வாயை மூடுடா." ஆண்டியப்பன் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "கண்ணு நெலைக்காத பொண்ணு குடும்பத்துக்கு ஆகாது. எந்திரிங்க, போவோம்."

அவர் சொன்னது பேச்சியம்மாளுக்குப் புரிந்தது. நடத்தை கெட்டவள் என்கிறார்கள். ஒரு வார்த்தையில் ஆத்தா இதைத் துடைத்துப் போட முடியும். ராக்காயி அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. கையைக் கூப்பிக்கொண்டு, "மன்னிச்சுக்கங்க. நான் கண்டிச்சு வைக்கிறேன். கல்யாணம் ஆனா எல்லாம் அடங்கிரும்," என்றாள்.

கேட்டீர்களா கொடுமையை! பெற்ற மகளின் கண்ணில் குறை என்று சொல்வதைவிட, அவள் குணத்தில் குறை என்று ஒப்புக்கொள்வது அந்தத் தாய்க்கு அந்த நேரத்தில் சுலபமாக இருந்தது.

"ஆத்தா, நிறுத்து!" என்றாள் பேச்சியம்மாள். அவளுடைய குரலா அது என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. "நான் ஒங்க பெரிய மவனைத்தாங்க பார்த்தேன். ஒதட்டோரம் மச்சம் இருக்கு. தாடையில சவரம் பண்ணின கீறல் இருக்கு. சின்னவருக்கு மச்சம் இருக்கா, மீசை இருக்கா, எனக்குத் தெரியாது. கேட்டாச் சொல்லத் தெரியாது."

முத்துலிங்கத்தின் கை தன்னையறியாமல் தாடையைத் தொட்டது.

"இப்ப ஒங்களைத்தான் நேராப் பார்க்கிறேன்," என்று அங்கம்மா பக்கம் திரும்பினாள். "ஒங்க முகம் எனக்குத் தெரியலை. எதை நேராப் பார்த்தாலும் தெரியாது. பக்கத்துல பார்த்தாத்தான் தெரியும். ஆனி மாசத்துக் கிரகணத்தன்னிக்கு, மதினி மாசமா இருக்காங்கன்னு நான்தான் தாம்பாளத் தண்ணியில கடைசி வரைக்கும் பார்த்துச் சொன்னேன். அதுல வந்தது இது."

"அடி பாவி," என்று முனகினாள் ராக்காயி.

"ரெண்டு மாசத்துல சரியாயிரும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. மருந்தும் தவறாமப் போடுறேன். அதுவரைக்கும் பொறுக்க முடிஞ்சாப் பொறுங்க. முடியலைன்னாப் போங்க. ஆனா என்னைக் கண்ணு நெலைக்காதவன்னு சொல்லிட்டுப் போகாதீங்க."

அங்கம்மா வாயில் கையை வைத்துக்கொண்டாள். கோபம் போய் அவள் குரல் இறங்கிவிட்டது. "இதை மொதல்லயே சொல்லியிருந்தா என்ன ஆத்தா..." என்றாள்.

பேச்சியம்மாளுக்கு நெஞ்சில் சின்னதாக ஒரு நம்பிக்கை துளிர்த்தது. ஆனால் ஆண்டியப்பன் கங்காணி நாற்பது வருஷம் ஆட்களைக் கட்டி மேய்த்தவர். அவர் பெண்ணைப் பார்க்கவில்லை. நிலைப்படியில் நின்ற நல்லமுத்துவைப் பார்த்தார்.

"தம்பி, நீதான கூட்டிட்டுப் போன?"

"ஆமாங்க."

"ரெண்டு மாசத்துல சரியாயிரும்னு டாக்டர் சொன்னாரா?"

நல்லமுத்து தலையை அசைத்தான். அது ஆமாவா இல்லையா என்று யாருக்கும் விளங்கவில்லை.

"வாயத் தொறந்து சொல்லு. ஒம்பொஞ்சாதி வயித்துல இருக்கிற புள்ள மேல சத்தியமாச் சொல்லு."

அறைக்குள்ளிருந்து ராசம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதவருகே வந்து நின்றாள். நல்லமுத்து மனைவியைப் பார்த்தான். தங்கையைப் பார்த்தான். பிறகு அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டான்.

"இல்லீங்க," என்றான். "சரியாகாதுன்னுதான் சொன்னாரு."

கூரைத் தகரம் தடதடவென்று அடித்துக்கொண்டது.

உண்மையைச் சொன்னால் வழி பிறக்கும் என்று நம்பி வாயைத் திறந்தவள் அந்தப் பெண். அண்ணனும் உண்மையைச் சொல்லிவிட்டான். இருந்த ஒரே வழியும் அதோடு அடைபட்டது.

ஆண்டியப்பன் பிறகு ஒரு வார்த்தைகூடக் கடுமையாகப் பேசவில்லை. "பொண்ணு மேல தப்பில்லை. ஆனா எங்களுக்கும் ஒரு மவன்..." என்று ஆரம்பித்து முடிக்காமலே படி இறங்கினார். அங்கம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே பின்னால் போனாள். அழகன் ஓடாத குறைதான்.

முத்துலிங்கம் மட்டும் பெஞ்சை விட்டு எழுந்து அவளுக்கு எதிரே ஒரு நிமிஷம் நின்றான். ஏதோ சொல்ல வந்தவன்போல இருந்தது. கொஞ்சம் பக்கத்தில் பார்த்திருந்தால் அவன் முகத்தில் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். அவள் பார்க்கவில்லை. இனி அவர்கள் முன்னால் அப்படிப் பார்க்கக் கூடாது என்ற வைராக்கியத்தில் நேராகவே நின்றாள். புகைதான் நின்றது, பிறகு நகர்ந்து போயிற்று.

"இப்பச் சொல்லுண்ணே. அந்த டாக்டர் என்ன சொன்னாரோ, அதை அப்படியே சொல்லு," என்று நல்லமுத்துவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள் பேச்சியம்மாள்.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "கண்ணுக்குள்ள, ஆகப் பின்னால, மெல்லிசா ஒரு படலம் இருக்காம். நாம பார்க்கிறதெல்லாம் அதுலதான் வந்து விழுதாம். அதுலயும் நட்டநடு எடம் ஒண்ணு. மொகம், எழுத்து, ஊசித் தொளை எல்லாம் தெரியுறது அந்த எடத்துலதானாம். சூரியன் சரியா அதைச் சுட்டுப்போட்டுச்சாம்."

"வலிக்கவே இல்லையே?"

"அந்தப் படலத்துக்கு வலி தெரியாதாம். அதனாலதான் சுடுறது தெரியாம ஆளுங்க பார்த்துக்கிட்டே இருக்காங்களாம்."

"நான் தண்ணியிலதான பார்த்தேன்?"

"தண்ணியில தெரிஞ்சாலும் அது சூரியன்தானாம். போதாக்குறைக்கு ஆத்தா தேச்சு வச்ச பித்தளை, கண்ணாடியாட்டம் அடிச்சிருக்கு. மஞ்சளைக் கரைச்சா அதெல்லாம் தடுக்காதாம். இனிமே யாரையும் அப்படிப் பார்க்க விடாதீங்கன்னு கோவமாச் சொன்னாரு."

"கண்ணாடி போட்டா?"

"கண்ணாடி கண்ணுக்கு முன்பக்கக் கோளாறுக்குத்தானாம். சில பேருக்கு மொத மாசத்துலயே தானாத் தெளிஞ்சிருமாம். ஒனக்குத் தெளியலை. இதுக்கு மேல மோசமாகாது, கண்ணு முழுசாப் பொட்டையாகாதுன்னாரு. ஆனா..."

"ஆனா இது இப்படியேதான்."

அவன் தலையை ஆட்டினான்.

"அப்ப நான் போடுற மருந்து?"

"டிஸ்பென்சரியில குடுத்த கண்ணு கழுவுற தண்ணி." நல்லமுத்து முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டான். "பஸ்ஸுல நீ கேட்ட. ஒம்மூஞ்சியப் பார்த்துக்கிட்டு என்னால சொல்ல முடியலை. வாயில வந்ததைச் சொல்லிட்டேன். அப்புறம் ஆத்தா கல்யாணம் வரைக்கும் கொண்டுபோயிருச்சு."

ராக்காயி சுவரோடு சாய்ந்து நின்று எல்லாவற்றையும் கேட்டாள். மகனைத் திட்டுவாள் என்று நினைத்தார்கள். திட்டவில்லை. "நான்தான் உக்காரச் சொன்னேன்," என்றாள். "எங்கையால தட்டைத் தேச்சு, எங்கையால தண்ணி ஊத்தி, நான்தானடி உக்கார வச்சேன்." தலையில் அடித்துக்கொண்டாள். அதற்கும் மேலே அந்த மனுஷிக்கு என்ன செய்யத் தெரியும்?

நல்லமுத்து எழுந்து கீழே சாலையை எட்டிப் பார்த்தான். பார்த்தவன் முகம் வெளுத்தது.

"கங்காணி பஸ்ஸுக்குப் போகலை. நம்ம கணக்கப்பிள்ளை வீட்டுக்குள்ள போறாரு."

பேச்சியம்மாளுக்குத் தோட்டத்தில் வேலை கொடுக்கும் கணக்கப்பிள்ளையும் ஆண்டியப்பனும் இந்தியாவில் ஒரே ஊர்க்காரர்கள். இந்தச் சம்பந்தத்தை எடுத்துக் கொடுத்ததே கணக்கப்பிள்ளைதான். எதனால் முறிந்தது என்று கேட்காமல் விடுவாரா? கொழுந்து கண்ணுக்குத் தெரியாதவள் எத்தனை நாளாக விரலால் தடவித் தடவிப் பறித்து ஏமாற்றி வந்தாள் என்று பொழுது சாய்வதற்குள் அவருக்குத் தெரிந்துவிடும். காலையில் பெரட்டில் வேலைக்கு ஆள் பிரிக்கப் பேர் கூப்பிடும்போது பேச்சியம்மாளின் பேரைக் கூப்பிடுவாரா?

"நாளைக்கு நீ போகாத," என்றான் நல்லமுத்து.

"போவேன். இல்லைன்னு அவர் வாயாலயே சொல்லட்டும்," என்றாள் அவள்.

வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ராசம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். நாத்தனாரின் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டாள். ராசம்மா தேம்புவது கை வழியாகவே தெரிந்தது.

"நான் உள்ள சொகமா ஒக்காந்திருந்தேன். நீ எனக்காக வெளிய இருந்து கண்ணைக் குடுத்திருக்க."

"ஒங்களுக்காக யாரு பார்த்தா? எம்மருமவனுக்காகப் பார்த்தேன்," என்றாள் பேச்சியம்மாள்.

"பொறந்ததும் மொதல்ல ஒங்கையிலதான் குடுப்பேன் பேச்சி. ஆத்தா கையிலகூட இல்லை. மொத மொதல்ல நீதான் இது மொகத்தைப் பார்க்கணும்."

பேச்சியம்மாள் அந்த வயிற்றின் மேல் கையை வைத்தாள். உள்ளே உதைத்தது.

"குடுங்க மதினி," என்றாள். "ஆனா எனக்கு நேரா நீட்டிராதீங்க. கொஞ்சம் ஓரமாப் பிடிங்க."